குலசை ராக்கெட் தளம்: ஊரில் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளம் உருவாகி வருகிறது. நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் எடுக்கிறவன் என்பதால், கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பெற்றோர் கூட்டம் வரை இதைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேள்விகளும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

குலசையில வர்றது இன்னொரு ஸ்ரீஹரிகோட்டாவா?

இல்லை, அதைவிட ரொம்பச் சின்னது. எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டை மனதில் வைத்துக் கட்டப்படுகிற தளம் இது. அந்த ராக்கெட் 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம், கிளம்பும்போது சுமார் 120 டன் எடை. பூமிக்கு மேலே 500 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதைக்கு 500 கிலோ வரை கொண்டுபோகும்.

மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி பகுதிகளில் 2,200 ஏக்கருக்கு மேல் நிலத்தைத் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தி இஸ்ரோவிடம் கொடுத்திருக்கிறது. திட்டச் செலவு சுமார் 986 கோடி ரூபாய். ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுமேடைக்கு மட்டும் 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 3,985 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு விளங்கிவிடும்.

அப்போ சந்திரயான், ககன்யான் எல்லாம் இங்கிருந்து போகாதா?

போகாது. அவற்றைத் தூக்குகிற எல்விஎம்-3 ராக்கெட் 640 டன். அதற்கான மேடை, எரிபொருள் வசதி எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவில்தான் இருக்கிறது, அங்கேயே தொடரும்.

ஸ்ரீஹரிகோட்டாவுல இவ்வளவு வசதி இருக்கும்போது இங்க எதுக்கு அண்ணாச்சி?

இலங்கைதான் காரணம். பூமியைப் படம் பிடிக்கிற செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடதுருவம், தென்துருவம் வழியாகச் சுற்றுகின்றன. அந்தப் பாதைக்கு ராக்கெட்டைத் தெற்கு நோக்கி விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகும். எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழுகிற வழியில் இன்னொரு நாட்டு மக்கள் இருக்கக் கூடாது. அதனால் அங்கிருந்து கிளம்பும் ராக்கெட் முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேல் போய், இலங்கையைத் தாண்டியதும் வளைந்து தெற்கே திரும்புகிறது. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் பல வருடங்களாக இப்படித்தான் போகிறது.

அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். 320 டன் பிஎஸ்எல்வி அதைத் தாங்கிக்கொள்ளும். எஸ்எஸ்எல்வியின் கணக்கே வேறு. 120 டன் ராக்கெட் கடைசியில் சுமப்பது அரை டன்தான். வழியில் வீணாகும் ஒவ்வொரு துளி சக்தியும் அந்த அரை டன்னிலிருந்துதான் கழியும். சுமையில் பெரும்பங்கு வளைவுக்கே போய்விட்டால் வாடிக்கையாளரிடம் விற்க என்ன மிஞ்சும்?

குலசையிலிருந்து பார்த்தால் இலங்கை கிழக்கே ஒதுங்கியிருக்கிறது, மாலத்தீவு மேற்கே தள்ளியிருக்கிறது. நேர் தெற்கே அண்டார்டிகா வரை வெறும் கடல். வளைய வேண்டிய அவசியமே இல்லை. இந்த இடத்துக்கு இருக்கிற பெரிய சொத்து அதுதான்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால லாபம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பாதிதான் சரி. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி விடுகிற ராக்கெட்டுக்கு அந்தச் சுழற்சி ஒரு தள்ளு கொடுக்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அந்தத் தள்ளு கூடும். ஆனால் குலசையிலிருந்து கிழக்கே விட்டால் நேராக இலங்கைதான். ஆக அந்த லாபத்தை இங்கே எடுக்க முடியாது. தெற்கு நோக்கிப் போகிற ராக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சியால் பிரயோஜனம் இல்லை. இங்கே லாபம் முந்தின பதிலில் சொன்ன நேர்வழி மட்டும்தான்.

அப்படின்னா கன்னியாகுமரி இன்னும் தெற்கே இருக்கே, அங்க வச்சா என்ன?

இன்னும் தெற்கே போவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. தேவை, ஆள் நடமாட்டம் குறைந்த பெரிய நிலம். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் இருந்தார்கள். கடற்கரை நெடுக வீடுகள். சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டங்களில் தேரிமண்ணும் பனையுமாகக் கிடக்கிற நிலம் அப்படியல்ல. போதாததற்கு, திரவ எரிபொருள் இயந்திரங்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி மையமும் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

2024-லயே ஒரு ராக்கெட் விட்டாங்களே, அப்புறம் என்ன இன்னும் கட்டுறாங்க?

2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டிய அதே நாளில் விட்டது ஆர்எச்-200 என்ற ரோகிணி ராக்கெட். அதன் விட்டம் 200 மில்லிமீட்டர்தான், பெயரிலேயே இருக்கிறது. வளிமண்டலத்தை ஆராய 70, 80 கிலோமீட்டர் உயரம் போய்க் கடலில் விழுந்துவிடும், சுற்றுப்பாதைக்குப் போகாது. திருவனந்தபுரத்துப் பக்கம் இருக்கிற தும்பா ஏவுதளத்தில் இந்த மாதிரி ராக்கெட்டுகள் சர்வசாதாரணம்.

நிஜமான ஏவுமேடைக்கு 2025 ஆகஸ்டில் பூமி பூஜை நடந்தது. 2026 டிசம்பருக்குள் பணிகளை முடிப்பது இலக்கு என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் அப்போது சொன்னார். ராக்கெட் விஷயத்தில் தேதி என்பது எப்போதும் இலக்குதான். கல்யாணத் தேதியைப் போல எண்ணிக்கொண்டு யாரும் லாட்ஜ் புக் செய்ய வேண்டாம்.

எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவுல வேலை கிடைக்குமா?

பக்கத்து ஊர் என்பதற்காகக் கிடைக்காது. இஸ்ரோ நாடு முழுவதற்கும் பொதுவாக அறிவிப்பு வெளியிட்டு, தேர்வு வைத்து எடுக்கிறது. எஸ்எஸ்எல்வியை வடிவமைத்ததே குறைந்த ஆட்கள், குறைந்த நாட்களில் தயார்செய்து விடுவதற்காக. ஏவுதளத்துக்குள் நிரந்தர வேலை ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காவல், கேன்டீன், வண்டி, தோட்டம், மின்பராமரிப்பு போன்ற ஒப்பந்த வேலைகள் உள்ளூருக்கு வரும். கட்டுமானம் நடக்கிற வரை அந்த வேலையும் உண்டு.

ஆனால் ஒரு வழியைப் பலரும் கவனிப்பதில்லை. இஸ்ரோவில் விஞ்ஞானி மட்டும் இல்லை, டெக்னீஷியனும் உண்டு. பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் போதும். ஃபிட்டர், வெல்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுகளில் ஆள் எடுப்பார்கள். மகேந்திரகிரியில் அப்ரென்டிஸ் பயிற்சியும் தருகிறார்கள். விஞ்ஞானியாகத்தான் ஆக வேண்டும் என்றால் திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புக்கென்றே ஐஐஎஸ்டி என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. இளநிலைப் படிப்புக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனை வைத்துக்கொண்டு கேட்கிற அப்பாக்களுக்கு நான் சொல்வது, கணக்கையும் இயற்பியலையும் ஒழுங்காகப் படிக்கட்டும், மற்றது பிறகு.

வேலை இவ்வளவுதான்னா, ஊருக்குக் காசு எங்கிருந்து வரும்?

ராக்கெட் பறக்கிற இடத்தில் காசு கொஞ்சம்தான். அதைச் செய்கிற இடத்தில்தான் பெரும்பணம். உறை, வால்வு, வயர் கட்டு, மின்னணுப் பெட்டி, எரிபொருள், சோதனை என்று ஒரு ராக்கெட்டின் செலவில் பெரும்பகுதி பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் போகிறது. அந்தப் பட்டறைகளில் எத்தனை தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வருகின்றன என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு அரசும் இதைக் குறிவைத்துத்தான் 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கையை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 10,000 வேலைகள் என்பது அதன் இலக்கு. ஏவுதளத்துக்குப் பக்கத்தில் விண்வெளித் தொழில் மற்றும் உந்துபொருள் (அதாவது ராக்கெட் எரிபொருள்) பூங்கா அமைக்கும் திட்டத்தை மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ கையில் எடுத்திருக்கிறது. இலக்கு என்பதையும் முதலீடு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; முதலாவது அரசாணையில் இருக்கும், இரண்டாவதை வங்கிக் கணக்கில்தான் பார்க்க முடியும்.

நம்ம லேத் பட்டறைக்கு ஆர்டர் வருமா?

வரலாம், ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே வேலை பார்த்தால் வராது. ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை அளவுதான். அதை அளவு பிசகாமல் கடைந்து கொடுப்பது வேலையில் பாதி. அந்தக் கம்பி எந்த ஆலையில், எந்த உருக்கில் வந்தது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். எந்த மெஷினில், எந்தத் தேதியில், யார் கடைந்தார் என்று பதிவு வேண்டும். அளவெடுத்த மைக்ரோமீட்டரைக் கடைசியாக எப்போது காலிபரேட் செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒரு பீஸ் கைதவறிக் கீழே விழுந்தால் துடைத்து மற்றவற்றோடு வைக்கக் கூடாது; தனியே எடுத்து, சீட்டு ஒட்டி, விழுந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஏஎஸ் 9100 என்ற விமானத்துறைத் தரச் சான்றிதழ் இருக்கிறது. அதை வாங்கப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். கோவையிலும் ஓசூரிலும் சென்னையிலும் இந்த ஒழுங்குக்குப் பழகிய பட்டறைகள் ஏற்கெனவே உண்டு, ஆர்டரும் முதலில் அங்கேதான் போகும். தென்மாவட்டத்துப் பட்டறைக்காரர்கள் தனியாக முட்டுவதைவிட, அளவெடுக்கும் பெரிய கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு கூட்டு வசதி கேட்டு வாங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சிவகாசிக்காரங்களுக்கு வெடிமருந்து தண்ணி பட்ட பாடு. அவங்க இந்த எரிபொருள் செய்யலாம்ல?

சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், கேள்வி நல்ல கேள்விதான். அலுமினியத் தூள் இரண்டிலும் உண்டு. ஆனால் ராக்கெட்டுக்கு அதை அம்மோனியம் பெர்குளோரேட்டோடும் ரப்பர் மாதிரியான ஒரு பாலிமரோடும் கலந்து, டன் கணக்கில், உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் வார்த்து இறுக வைக்க வேண்டும். பட்டாசுத் தொழிலின் அனுபவம் அதற்கு நேராக உதவாது. ஆபத்தான பொருளைப் பிரித்து வைப்பது, உரிமம், கிட்டங்கி இடைவெளி போன்ற விஷயங்களில் அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது என்பது உண்மை.

ஏவுதளம் பக்கத்துல பிளாட் போடுறாங்க. வாங்கிப் போடலாமா?

நான் வாங்க மாட்டேன். ஏவுதளத்தைச் சுற்றி நிலத்தைச் சும்மா விட்டிருப்பது அழகுக்காக இல்லை, பாதுகாப்புக்காக. அதை ஒட்டிய இடங்களில் கட்டடம் கட்டுவதற்குப் பின்னால் கட்டுப்பாடு வந்தால் மனையை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். நிரந்தர ஊழியர் எண்ணிக்கை குறைவு என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். அத்தனை வீட்டுக்கு யார் குடிவருவார்கள்? வாங்கத்தான் வேண்டும் என்றால் அங்கீகாரம், வில்லங்கச் சான்று, தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்போகிற சர்வே எண்களில் அந்த மனை வருகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மனைக்குப் பெயரில் ‘ராக்கெட்’ இருப்பது ஆவணம் ஆகாது.

ராக்கெட் விடுற அன்னைக்குக் கடலுக்குப் போகக் கூடாதாமே? எங்க பொழப்பு என்ன ஆகுறது?

மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழைப் பக்கம் கேட்கிற கேள்வி இது. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. திட எரிபொருள் ராக்கெட்டைப் பற்ற வைத்தபின் அணைக்க முடியாது. வழிதவறினால் நடுவானில் வெடிக்க வைப்பதுதான் ஒரே வழி. அதனால் கீழே கடலில் படகு இருக்கக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாட்களில் பழவேற்காடு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றுதான் அறிவிக்கிறார்கள்.

ஆண்டுக்கு 20, 24 ராக்கெட் விடலாம் என்று சொல்கிறார்கள்; அப்படியென்றால் 24 நாள்தானே என்று கணக்குப் போடக் கூடாது. மழை, காற்று, கடைசி நிமிடக் கோளாறு என்று ஏவுதல் தள்ளிப்போனால் மறுநாளும் அதே அறிவிப்புதான். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எப்படியும் கரையில்தான் நிற்கும், நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஏவுதல்களை முடிந்தவரை அந்த இரண்டு மாதத்தில் வைத்தால் விசைப்படகுக்காரருக்கு நஷ்டம் குறையும், வள்ளம் வைத்திருக்கிறவருக்குக் குறையாது. ஆகவே இழப்பீட்டைப் படகு வகை பார்த்து, ஒத்திவைத்த நாளையும் சேர்த்து, முதல் எஸ்எஸ்எல்வி கிளம்பும் முன்பே எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்கிற நிலை வரக் கூடாது.

புகையால பனை பட்டுப் போகுமா? உடன்குடிக் கருப்பட்டி என்ன ஆகும்?

திட எரிபொருள் எரிந்தால் அலுமினியம் ஆக்ஸைடு தூளும் ஹைட்ரஜன் குளோரைடும் வெளிவரும். ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அமெரிக்காவில் விண்வெளி ஓடம் கிளம்பியபோது மேடைக்கு அருகே செடிகள் கருகியதும், ஆழமில்லாத நீரில் மீன்கள் செத்ததும் பதிவாகியிருக்கிறது. ஓடத்தின் இரண்டு பூஸ்டர்களிலும் சேர்த்து ஏறக்குறைய 1,000 டன் திட எரிபொருள். எஸ்எஸ்எல்வியின் முதல் அடுக்கில் 87 டன். பாதிப்பு இருந்தால் அது மேடையைச் சுற்றித்தான் இருக்கும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிற உடன்குடிப் பனையை எட்டும் என்று நான் நினைக்கவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டிக்குப் பெரிய பிரச்சினை பனை ஏற ஆள் கிடைக்காததுதான்.

என்றாலும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். எரிபொருளில் கலக்கிற பெர்குளோரேட் தண்ணீரில் சுலபமாகக் கரையும். தேரிமண்ணில் மழைநீர் சட்டென்று கீழே இறங்கிவிடும். எரிபொருள் ஆலை வருமானால் சுற்றுவட்டாரக் கிணற்று நீரை ஆலை வருவதற்கு முன்பு ஒருமுறையும் அதன்பின் தொடர்ந்தும் சோதித்து, முடிவை ஊராட்சியில் ஒட்ட வேண்டும். முன்பு எடுத்த கணக்கு கையில் இல்லாவிட்டால் பின்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

தனியார் கம்பெனி இங்கிருந்து விடலாமா?

விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி தருகிற இன்-ஸ்பேஸ் என்ற மத்திய அரசு அமைப்பு 2020-இல் உருவாக்கப்பட்டதிலிருந்து தனியாரும் அனுமதி பெற்று ராக்கெட் விடலாம். சென்னை ஐஐடியில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த மேடையிலிருந்து சோதனை ராக்கெட்டை விட்டுக் காட்டியது. சிறிய ராக்கெட் செய்கிற எவருக்கும் குலசையின் நேர்வழி கவர்ச்சியானதுதான். ஏவுதளத்தின் வருமானம் எஸ்எஸ்எல்வியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றால் இவர்கள் வர வேண்டும்.

வருஷத்துக்கு 24 ராக்கெட்னு சொல்றாங்க. நடக்கிற காரியமா?

உடனே நடக்காது என்றே நினைக்கிறேன். எஸ்எஸ்எல்வியின் முதல் மூன்று பயணங்களுக்கு இரண்டு வருடம் ஆனது: 2022 ஆகஸ்டில் முதல் பயணம் தோல்வி, 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் வெற்றி. 2025-இல் இதன் தொழில்நுட்பத்தை 511 கோடி ரூபாய்க்கு மத்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் எடுத்தது. கற்றுக்கொள்ள 24 மாதம். அதற்குப் பிறகும் தேவையைப் பொறுத்து ஆண்டுக்கு 6 முதல் 12 ராக்கெட் என்றுதான் பேச்சு. 24 என்பது தளத்தின் கொள்ளளவு. செய்து தருகிறவர் கையில் அத்தனை ராக்கெட் இருக்க வேண்டுமே.

போட்டியும் கடுமை. ஸ்பேஸ்எக்ஸ் 2021 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்களை ஏற்றிப் போனது. அது டவுன் பஸ் மாதிரி. டிக்கெட் மலிவு, ஆனால் அது போகிற வழியில்தான் போகும். எஸ்எஸ்எல்வி ஆட்டோ. நம் நேரத்துக்கு, நம் வாசலுக்கு வரும், கிலோவுக்குக் காசு கூட. ஆட்டோவுக்கும் ஆள் உண்டு, குறிப்பாக அவசரத்துக்கு ஒரு செயற்கைக்கோள் தேவைப்படும் ராணுவம். ஆனால் வருடம் 24 சவாரி வாடிக்கையாக வருமா என்பதற்கு இன்னும் யாரிடமும் ஆர்டர் புத்தகம் இல்லை.

பிரெஞ்சு கயானாவுல ராக்கெட் தளத்தாலதான் நாடே பிழைக்குதாமே?

பிரெஞ்சு கயானா தனி நாடு இல்லை, தென் அமெரிக்காவில் இருக்கிற பிரான்சின் பகுதி. அங்குள்ள கூரூ ஏவுதளம் 1968 முதல் இயங்குகிறது, அந்தப் பிரதேசப் பொருளாதாரத்தில் அதற்குப் பெரிய பங்கும் உண்டு. ஆனால் 2017 மார்ச்சில் அதே மக்கள் மருத்துவமனை இல்லை, பாதுகாப்பு இல்லை, வேலை இல்லை என்று பொதுவேலைநிறுத்தம் செய்து தளத்தையே முற்றுகையிட்டார்கள். ஏரியன்-5 ராக்கெட் மே மாதம்தான் கிளம்ப முடிந்தது. வேலியைத் தாண்டி வளம் தானாக வழிந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ராக்கெட்டின் பெரும்பகுதி ஐரோப்பாவில் தயாராகிக் கப்பலில் வந்து இறங்கியது. காசும் அங்கேதான் தங்கியது.

எச்ஏஎல் வேற மாநிலத்துல ராக்கெட்டைச் செஞ்சு இங்க கொண்டுவந்து விட்டா, நமக்கு என்ன மிச்சம்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மின்னணுப் பெட்டி, வால்வு, உறை எல்லாவற்றையும் எங்கே வேண்டுமானாலும் செய்து லாரியில் ஏற்றலாம். அதில் நமக்கு இயற்கையான முன்னுரிமை எதுவும் இல்லை. லேத் பட்டறைக் கேள்வியில் சொன்ன மாதிரி தரத்தில் ஜெயித்தால் உண்டு.

திட எரிபொருள் மட்டும் அப்படியில்லை. 87 டன் எரிபொருள் வார்த்த மோட்டார் கனம், ஆபத்து இரண்டிலும் சாதாரணச் சரக்கு இல்லை. அதனால்தான் ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குள்ளேயே பெரிய எரிபொருள் ஆலை இருக்கிறது. கூரூவிலும் மற்றதெல்லாம் கப்பலில் வந்தபோது, பெரிய பூஸ்டர்களின் எரிபொருளில் பெரும்பகுதியை அங்கேயே வார்த்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து குலசைக்குச் சாலைவழி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆண்டுக்கு ஒன்றிரண்டு ராக்கெட் என்றால் கொண்டுவந்து சமாளிக்கலாம், பத்து பன்னிரண்டு என்றால் இங்கே வார்ப்பதுதான் மலிவு. டிட்கோவின் பூங்காப் பெயரில் ‘உந்துபொருள்’ என்ற சொல் இருப்பது அதற்காகத்தான். எரிபொருள் ஆலை வந்தால் அதற்குச் சோதனைக்கூடம், எக்ஸ்ரே வசதி, கிட்டங்கி, தீயணைப்பு, பயிற்சி பெற்ற ஐடிஐ ஆட்கள் எல்லாம் கூடவே வேண்டும், தினமும் வேண்டும், ராக்கெட் கிளம்புகிற நாளில் மட்டும் இல்லை. கிணற்று நீர் சோதனையும் அப்போதுதான் நிஜமாகத் தேவைப்படும். பூங்காவில் முதலில் எந்த ஆலைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வருகிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.